ஆகும்பே மழையில் கெங்கம்மா

கூடாரம் என்ற சொல்லைக் கேட்டாலே கெங்கம்மாவின் மூக்கில் சேற்று நாற்றம் ஏறும்.

மணலிக்குப் பக்கத்தில் சடையங்குப்பத்துக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருடம் ஆகிறது. வந்த முதல் ஐப்பசியிலேயே கல்யாணப் பாய் வீட்டுக்குள் மிதந்தது. அதற்குப் பிறகு எத்தனை முறை தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடினாய் என்று கேட்டால், "மழ பேஞ்ச அத்தினி தபா" என்பாள். அதே பள்ளியின் சத்துணவுக் கூடத்தில்தான் அவளுக்குச் சமையல் உதவி வேலை. அதனால் தெருவே மாடியில் ஈரத்தோடு சுருண்டு கிடக்கும்போது அத்தனை பேருக்கும் அடுப்பு மூட்டுகிறவளும் அவள்தான்.

அப்படிப்பட்டவளிடம் போய், பன்னிரண்டாவது படிக்கும் மூத்த மகள் ஷாலு கேட்டாள். "காலாண்டு லீவுல கேம்பிங் போலாம்மா. காட்டுல டென்ட் போட்டுத் தங்கிட்டு, அப்பிடியே பீச்சு."

"இன்னாது? தார்ப்பாய்க்கு அடியில குந்திகினு, மழையில அடுப்பு ஊதறதா? அத்த நாம வருஷா வருஷம் செஞ்சிகினுதானே கீறோம்?"

"அது வேற, இது வேறம்மா."

"இன்னா வேற? அங்க சோத்துப் பொட்டலம் ஹெலிகாப்டர்ல வருதா?"

சின்னவள் எழில்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் புருஷன் வரதன், "போலாமே" என்றான். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆம்னி வேன் அவனுடையது. லீவு நாளில் அது சும்மாதான் நிற்கும்.

அவன் தலையாட்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வண்டியின் முன்பெட்டியில், வீட்டைக் காலி செய்யச் சொல்லி அதிகாரிகள் தெருவுக்கே கொடுத்திருந்த படிவம் ஒன்று கிடந்தது. "நீர்வழியை ஆக்கிரமித்துக் குடியிருந்ததை ஒப்புக்கொள்கிறேன். மாற்று வீடு பெற்றுக்கொண்டு விருப்பத்துடன் வெளியேறுகிறேன்." வீடு கெங்கம்மாவின் பேரில் இருந்ததால் கையெழுத்தும் அவளுடையதாக வேண்டும். அக்டோபர் பத்தாம் தேதி கடைசி நாள். மாற்று வீடு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஐந்தாவது மாடி. பாதித் தெரு கையெழுத்துப் போட்டுவிட்டது.

வரதனைக் குற்றம் சொல்ல முடியாது. பெருவெள்ளத்தின்போது ஷாலுவைக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் ஒரு பகல் முழுக்கப் படகுக்காக நின்றவன் அவன். இனி அப்படி நிற்க முடியாது என்று முடிவு செய்திருந்தான். நாலு இடம் சுற்றிப் பார்த்தால் பெண்டாட்டி மனசு இளகும் என்பது அவன் கணக்கு.

கையெழுத்துப் போட முடியாது என்று கெங்கம்மாவும் சொல்லவில்லை. பள்ளத்தில் வீடு கட்டியது நம் தப்பு, தண்ணீர் வருவது தலையெழுத்து என்று எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் நம்பியிருந்தாள். தலையெழுத்து என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் மேட்டில் குடியிருந்திருப்பான். ஆனாலும் அந்த 'ஒப்புக்கொள்கிறேன்' மட்டும் அவளை முள்ளாகக் குத்தியது. வீட்டு வரி வாங்கும்போது வீடாக இருந்தது, இப்போது மட்டும் எப்படி ஆக்கிரமிப்பாக மாறியது?

இரண்டாம் நாள் பிற்பகல் கர்நாடக மலைமேல் இருக்கும் ஆகும்பே போய்ச் சேர்ந்தார்கள். அண்ணாந்து பார்த்தாலும் வானம் தெரியாத காடு. மலைச்சாலை ஓரத்தில் ரஷீதின் டீக்கடை. ஒரு காலத்தில் ராயபுரத்தில் டீ ஆற்றியவர், தமிழ் நன்றாக வரும். கடைக்குக் கீழே சரிவில் இருந்த புல்தரையில் கூடாரம் போட இடம் கொடுத்தார்.

"அட்டை ஏறும் அக்கா, உப்பு வச்சுக்குங்க. மழை இப்ப வந்துரும். பயப்படாதீங்க."

"மழைக்கா? எனுக்கா?" என்றாள் கெங்கம்மா.

நாலு மணிக்கு அது வந்தது. சென்னையில் பெய்வதைப் போல அல்ல, மேலே யாரோ மதகைத் திறந்துவிட்ட மாதிரி. ஷாலுவும் எழிலும் கூடாரத்துக்குள் கத்திக் கும்மாளம் போட்டார்கள். கெங்கம்மாவின் கைகள் தாமாகவே வேலையைத் தொடங்கின. ஆதார் அட்டைகளும் போன்களும் பாலித்தீன் பைக்குள் போய் முடிச்சு விழுந்தன. ஸ்டவ் அவள் தலைமேல் ஏறியது. பிறகு சாம்பார்க் கரண்டியைக் கூடாரத்து வாசலில் குத்தி நட்டாள். தண்ணீர் கரண்டிக் காம்பில் பாதி ஏறினால் கிளம்ப வேண்டும். அவள் வீட்டு வாசலில் அதற்கென்று ஒரு செங்கல்லே உண்டு.

கரண்டியைச் சுற்றித் தண்ணீர் நுரைத்து ஓடியது. பாதி ஏறும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"யோவ், வண்டிய மேல ரோட்டுல ஏத்து. பசங்களத் தூக்கு!"

"இன்னாமே, பேஜாரு பண்ற? இது மலைமே."

"மலையா இருந்தா இன்னா? தண்ணி தண்ணிதான். ஏத்துயா!"

நனைந்த கோழிகளைப் போல நாலு பேரும் வேனுக்குள் ஏறி, சாலையில் போய் நின்றார்கள். ரஷீது குடையோடு ஓடி வந்தார். "எங்க கிளம்பிட்டீங்க? டீ போட்டேனே!"

"தண்ணி வர்து பாய்."

"வரல அக்கா. போவுது" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உங்க ஊருல வருஷத்துல பெய்யுற மழை போல அஞ்சு மடங்கு இங்க பெய்யுது. என் கடைக்குள்ள ஒரு தடவைகூடத் தண்ணி வந்ததில்ல."

எழில் பின் சீட்டிலிருந்து, "ம்மா, வெள்ள நிவாரணம் எப்போ தருவாங்க?" என்று கேட்டாள். வரதன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கெங்கம்மா சிரிக்கவில்லை. ஏழு மணிக்கு மழை விட்டதும் தனியாக இறங்கிப் போய்ப் பார்த்தாள். கரண்டி நட்ட இடத்தில் தண்ணீர் இல்லை. கூடாரத்தின் தரைவிரிப்பு உள்ளே மொறமொறவென்று காய்ந்து கிடந்தது. அத்தனை தண்ணீரும் எங்கோ போய்விட்டது.

காலையில் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். "அந்தத் தண்ணி எங்க போச்சோ, அங்க வண்டிய உடு."

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினார்கள். ஓடையாகப் பிரிந்து கிடந்தது சீதா நதியாகச் சேர்ந்து, பாலங்களுக்கு அடியில் வந்துகொண்டே இருந்தது. கெங்கம்மா ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் கடற்கரையில் ஒரு கழிமுகத்துக்கு வந்தார்கள். கரையோரம் தென்னையும், சேற்றில் கால் ஊன்றி நிற்கும் கண்டல் செடிகளுமாக இருந்தது. நடுவே ஆறு அகலமாக, தடுப்பார் இல்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஷாலுவும் எழிலும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள்.

தன் தெருத் தண்ணீர் கடலுக்குப் போய்ச் சேர வேண்டிய எண்ணூர்க் கழிமுகத்தையும் கெங்கம்மா பார்த்திருக்கிறாள். அங்கே தண்ணீரைவிட அனல்மின் நிலையச் சாம்பல்தான் அதிகம். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் குழாய், ஒரு பக்கம் கொட்டி மேடாக்கிய மண். அது இப்படி அகலமாக இருந்திருக்க வேண்டிய இடம் என்று அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை.

வரதன் படிவத்தையும் பேனாவையும் எடுத்து வந்து அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான். "நல்லாக்கீது இல்ல? மாத்து வூட்டுக்குப் போனா நாமளும் இப்பிடி நிம்மதியா இருக்கலாம்மே. போட்டுரு."

"யோவ், இவ்ளோ மழைக்கு இங்க ஒருத்தன் வூடும் முழுவல."

"அது மலை, நம்மளுது பள்ளம்."

"பள்ளம் இல்லய்யா, இதுகூடப் பள்ளந்தான். அங்க ஆத்து வாய அட்ச்சிட்டானுங்க. போற தண்ணிக்கு வழி இல்லாம நம்ம வூட்டுல வந்து நிக்குது. அதுக்கு நான் ஆக்கிரமிச்சேன்னு நானே எழுதித் தரணுமா?"

"கேட்டா தொறந்துடுவானுங்களா?" அவன் குரல் உடைந்தது. "இந்த வருஷமும் நான்தான் பசங்களத் தூக்கிகினு நிக்கணும். உனுக்கு நாயம் வேணும். எனுக்கு என் பசங்க உசுரோட வேணும்."

இரண்டுமே உண்மை. நேற்றைய நாலு மணி மழைக்கு நடுங்கியவளுக்கு அவன் பயம் தெரியாதா?

"போவலாம்யா" என்றாள் கடைசியில். "வூடு குட்த்தா போவலாம். ஆனா குத்தவாளின்னு கையெழுத்து போட்டுட்டுப் போவ மாட்டேன்."

ஊர் திரும்பும் வழியில் வரதன் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது எழிலை விட்டுத்தான் அவளைக் கூப்பிட்டான்.

பத்தாம் தேதி அலுவலகத்தில் வரிசை வாசல்வரை நின்றது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் படிவத்தைப் புரட்டினார். "கையெழுத்து இல்லையேம்மா?"

"மொத வரிய அட்ச்சிட்டுக் குடுங்க சார், போடறேன்."

"அதெல்லாம் அடிக்க முடியாது. சம்மதம் இல்லைன்னா காரணம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அடுத்தது யாரு?"

கெங்கம்மா நகரவில்லை. கூட வந்திருந்த ஷாலு பேனாவைத் திறந்தாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள்: தண்ணீர் எங்கள் வீட்டைத் தேடி வரவில்லை. அது போகிற வழியை அடைத்தவர்கள் யார் என்று முதலில் கணக்கெடுங்கள். நாங்கள் ஆக்கிரமிக்கவில்லை.

வரிசைக்கு வெளியே சுவரோரம் நின்றிருந்த வரதன் மெதுவாக வந்து மகளின் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான். முழுசாக இரண்டு தடவை படித்தான்.

"கீழ என் பேரையும் எழுது" என்றான்.

பின்னால் நின்ற நான்கு பேர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வரதன் வண்டியை எடுக்கப் போனான். தண்ணீர் வருவதற்குள் வீட்டு கேஸ் சிலிண்டரை மேலே தூக்கி வைக்க வேண்டும் என்று கெங்கம்மா சொல்வதற்கு முன் அவனே சொன்னான்.