ஈயத்தகட்டுக்கு ஐந்து காரணங்கள்

கடலோரத்து அருங்காட்சியகம் ஒன்றில், மூழ்கிய கப்பல்களிலிருந்து வரும் பொருட்களைச் சுத்தம் செய்து, அடையாளம் கண்டு, பதிவு செய்வது என் வேலை. மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு நீந்தத் தெரியாது. படகில் ஏறினால் வாந்தி வரும். இந்த இரண்டையும் நேர்முகத் தேர்வில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தகுதிகாண் காலம் முடியும் நேரத்தில் ஓர் ஈயத்தகடு என் மேசைக்கு வந்தது. முழங்கை நீளம், தாளைப் போல மெல்லியது. அதைப் பற்றிய அறிக்கையும் விளக்கப் பலகையும் சரியாக அமைந்தால் வேலை நிரந்தரம் என்று பொறுப்பாளர் மேடம் சொல்லியிருந்தார். மூன்று வாரம் அதோடு கிடந்தேன். உப்பை நீக்கினேன், தடிப்பை ஆறு இடங்களில் அளந்தேன். மரக்கப்பலில் ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைப்பார்கள். ஆகவே இது ஒட்டுத் தகடு என்று முடிவு செய்து, ஐந்து காரணங்களை எண் போட்டு எழுதினேன். ஐந்தாவது, மூலையில் இருந்த முக்கோண மடிப்பு: 'கப்பலின் வளைவுக்கு ஏற்பத் தேர்ந்த கைகள் மடித்தது.' இந்த வரியை இரண்டு முறை சத்தமாக வாசித்து ரசித்தேன்.

திங்கட்கிழமை பலகை அச்சுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நனைந்து வந்த அம்மா, எனக்குக் கம்பளி எடுக்கக் கட்டிலோரத்துப் பழைய தேயிலைப் பெட்டியைத் திறந்தார். உயர்தரப் பரீட்சைக்கு நான் மேசையாக வைத்துப் படித்த பெட்டி. உள்ளே ஈயத்தாள். மூலையில் அதே முக்கோண மடிப்பு.

"என்னா அப்படிப் பார்க்கிற? கரப்பானா?"

"இது ஏம்மா இப்படி மடிச்சிருக்கு?"

"தேயிலைக்கு ஈரம் படக்கூடாதுல்ல. பொட்டிக்குள்ள விரிச்சா மூலைய மடிக்காம என்னா செய்வாங்க? நீதானே பிச்சுப் பிச்சுக் கிரீடம் செஞ்ச!"

போனில் தகட்டின் படத்தைக் காட்டினேன். அம்மா சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "கடலுக்குள்ள முங்கி எடுத்தது நம்ம பொட்டித் தாளையா? இதுக்கா மூணு வாரம்?"

அளந்து பார்த்தேன். தடிப்பும் ஒன்றுதான்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சிக்னல் இல்லை. கோயில் திருப்பம் வரை ஏறி நடக்கும்போது மனதில் பட்டியல் போட்டேன். ஒன்று, சும்மா இருப்பது. கடலோரத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு, காய்ச்சல் என்று தவணை கேட்பது. மூன்றாவதைச் செய்தேன்: மேடத்துக்கு போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன்.

நிரந்தர வேலை பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப அந்தக் கப்பல் தேயிலை ஏத்தியிருக்கு," என்றார் மேடம். "சரக்கு என்னண்டு இவ்வளவு நாளா ஒருத்தருக்கும் தெரியாது. பலகையை ஒரு கிழமை பிந்திப் போடுவம். அந்தப் பெட்டியக் கொண்டு வரேலுமா, பிள்ள?"

அம்மாவிடம் கேட்டேன்.

"கம்பளிய எங்க வைக்கிறதாம்? உங்க மேடம் தலையிலயா?"

ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் டவுனில் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி வாங்கிக் கொடுத்த பிறகே அம்மா இறங்கி வந்தார். பஸ்ஸில் தேயிலைப் பெட்டி ஜன்னலோரம் உட்கார்ந்தது, நான் நின்றேன்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. அறிக்கையில் பழைய ஐந்து காரணங்களும் இல்லை. புதிதாக ஒன்றுதான் இருக்கிறது: எங்கள் வீட்டில் இதே போல ஒன்று உண்டு.