ராமக்காளின் போன் இரண்டு தடவை அடித்தது

ராமக்காள் இப்போது எந்த வீட்டில் சமைக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சமைத்த கடைசிப் பத்து மாதம், அவள் எந்தத் தெருவில் நடக்கிறாள், எந்த பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள் என்பது வரை எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருக்கக் கூடாது. அதைத்தான் சொல்லித் தொலைக்க வந்தேன்.

ஆனையூரில் எங்கள் வீட்டு ஹாலில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள். காலை ஆறு மணிக்கு ஒரு கூட்டம், மாலை ஐந்து மணிக்கு ஒரு கூட்டம். பள்ளிக்கூட வேலை போனதே என் வாயால்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டுக்காரர் சாய்ராம் பழகிவிட்டார். சமையலுக்கு வந்தவர்கள் பழகவில்லை, மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். நான்காவதாக வந்தவள் ராமக்காள். அவள் நான்கு வருடம் இருந்தாள்.

எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவளுக்கு. எட்டாவது முடித்து ஒன்பதாவது போய்க்கொண்டிருந்தவளை, பருத்தி எடுக்க ஆள் பற்றவில்லை என்று அப்பா நிறுத்திவிட்டாராம். பிறகு கல்யாணம், ரோகிணி என்று ஒரு மகள். புருஷன் கருத்தக்கண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். ராமக்காள் மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து, நாலு வீட்டில் சமைத்து, அந்தப் பெண்ணை நர்சிங் வரைக்கும் படிக்க வைத்தாள். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இல்லை. வெங்காயம் உரிக்கும்போது அவளாகச் சொன்னது. நான் எதையும் கேட்கிற ஆள் கிடையாது.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. டியூஷன் நேரத்தில் மிக்சி போட மாட்டாள். தேங்காய்ச் சட்னியைக்கூட அம்மியில் சத்தமில்லாமல் அரைப்பாள். நான் சொன்னதே இல்லை. பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று பார்க்கிறாள் போல, புத்திசாலிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நான்கு பிள்ளைகள் ஒரே கணக்கைத் தப்பாகப் போட்டார்கள். நோட்டை வீசி எறிந்துவிட்டு, "கணக்கு வரலேன்னா கரண்டி பிடிக்கத்தான் லாயக்கு" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து ராமக்காள் காபித் தட்டோடு கதவருகே நின்றாள். அவளைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன வருடம் ஆகஸ்டில் அவளுடைய பட்டன் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்துப்போனது. அந்த வாரம்தான் நான் புது போன் வாங்கியிருந்தேன். பழையதை அவளுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அதிலிருக்கும் என் மெயில் கணக்கை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அழித்தால் வாட்ஸ்ஆப், யூடியூப் எல்லாம் அவளுக்குத் திரும்ப யார் போட்டுக்கொடுப்பது? சிம்மை மட்டும் மாற்றி அப்படியே நீட்டினேன். தானம் கொடுக்கிற திமிரில் ஒரு மிரட்டல் வேறு.

"இதத் தொலைச்சேன்னா அடுத்தது கிடையாது, பாத்துக்க. எங்கயும் வைக்காத. எப்பவும் இடுப்புலயே இருக்கணும்."

"சரிக்கா. உசுரு மாதிரி வச்சுக்கிறேன்."

அன்றிலிருந்து அந்த போன் ஒரு துணிப் பையில், அவள் இடுப்புச் சேலைக்குள்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து என் புது போனைக் காய்கறிக் கடையில் விட்டுவிட்டேன். தொலைந்த போனைத் தேடுகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறதென்று சாய்ராம்தான் தன் லேப்டாப்பில் காட்டினார். என் மெயிலைப் போட்டதும் இரண்டு போன் வந்தது. ஒரே கம்பெனி, பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒன்று காய்கறிக் கடையில். இன்னொன்று ராமக்காள் வீட்டுத் தெருவில்.

"அந்தப் பழசுலேர்ந்து உன் கணக்கை எடுத்துரு, ராஜஸ்ரீ. நல்லா இருக்காது" என்றார்.

"எடுக்கிறேன்" என்றேன். எடுக்கவில்லை.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. அடுப்பில் வைத்த பாலை எட்டிப் பார்ப்பது மாதிரி, வரைபடத்தில் அவளை எட்டிப் பார்ப்பேன். பத்து நிமிடம் தாமதமானால் போன் போட்டு, "இன்னும் வீட்டுலதான இருக்க?" என்பேன். "எப்படிக்கா கண்டுபிடிச்சீக" என்று அவள் திகைத்துப் போவாள். எனக்கு அதில் ஒரு பெருமை. ஒரு தடவை அவளே போனை என் முன்னால் நீட்டினாள். "அடிக்கடி இங்கிலீசுல ஏதோ வருதுக்கா, என்னன்னு பாருங்க." இந்த போன் இருக்குமிடம் பார்க்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது.

"கம்பெனிக்காரன் அனுப்புறது. தள்ளி விட்டுரு" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானங்களில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லுவாள். புள்ளியோ சிம்மக்கல்லில் மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கும். அங்கே ஏதோ மொத்த வியாபாரி வீட்டில் சமைக்கப் போகிறாள், என்னிடம் மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன். இன்னொரு வீட்டில் சமைத்தால்தான் எனக்கென்ன போயிற்று? ஆனாலும் மனசுக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை லீவு கேட்டாள். ஊரில் சொந்தக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு, எழுமலைக்குப் போய்விட்டு வாரேன் என்றாள். அன்று சாய்ராம் ஆபீசுக்குப் போன பிறகு நானே சமைத்து, சாம்பாரை அடிப்பிடிக்க விட்டு, கொதித்துப்போய் இருந்தேன். போதாததற்கு என் போனைக் காணோம். டியூஷனுக்காகச் சைலண்டில் போட்டு எங்கேயோ வைத்திருக்கிறேன். லேப்டாப்பைத் திறந்து, பட்டியலில் மேலே இருந்ததைத் தட்டி, ஒலிக்க வைக்கும் பட்டனை அமுக்கினேன். சைலண்டில் இருந்தாலும் போன் முழுச் சத்தத்தில் அலறும். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம்தான் பார்த்தேன். நான் தட்டியது பழைய போனை. புள்ளி எழுமலையில் இல்லை, சிம்மக்கல்லில் ஒரு தெருவில் நின்றது.

முதல் தடவை அமுக்கியது கைத்தவறு. இனிச் சொல்லப் போவது கைத்தவறு கிடையாது. வளைகாப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டு, நான் கருகிய சாம்பாரோடு கிடக்கும்போது, இவள் இன்னொருத்தி வீட்டுச் சமையல்கட்டில் நிற்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கத்தட்டும், அந்த வீட்டுக்காரி முன்னாடி முழிக்கட்டும்" என்று வாய்விட்டே சொன்னேன். தெரிந்தே அதே பட்டனை மறுபடி அமுக்கினேன். நிறுத்தவும் இல்லை. அப்படியே எழுந்து போய், மதிய சாதத்துக்கு அரிசி களைந்தேன். என் போன் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களுக்கு அடியில் கிடைத்தது.

மறுநாள் காலை வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"என்ன ராமக்கா, வளைகாப்பு எப்படி? சாப்பாடு பலமா?" என்றேன் நக்கலாக.

அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொய் சொல்லிட்டேன்க்கா. சிம்மக்கல்லுல பத்தாங்கிளாசு பரிச்சைக்குப் போனேன். தனியாக் கட்டி எழுதுறேன். போன வருசமே எல்லாம் பாசாயிட்டேன், கணக்கு மட்டும்தான் பாக்கி."

நான் பிடித்திருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாகுதாம். பத்தாவது வேணும், நாப்பது வயசுக்குள்ள இருக்கணும்னாக. வர்ற சித்திரைக்கு எனக்கு நாப்பது முடியுது. அதான்க்கா முட்டி மோதுனேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல? நான் கணக்கு டீச்சர்தானே."

"பாசாயிட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன். அன்னைக்கு நீங்க கரண்டின்னு சொன்னீகள்ல. உங்களக் குத்தம் சொல்லலக்கா. நாலு வருசமா நீங்க ஹால்ல நடத்துறதக் கேட்டுத்தான் நான் கணக்குப் படிச்சதே. சத்தம் கேக்கணும்னுதான் மிக்சி போட மாட்டேன். படம் போட்டு நடத்துறது மட்டும் காதுல கேட்டாப் புரியாது. அதுக்குத்தான் சனிக்கிழமை சிம்மக்கல் லைப்ரரிக்குப் போவேன்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். போனையும் பையையும் வெளியே வைக்கச் சொன்னார்கள். பையை வைத்துவிட்டாள். போனை வைக்க மனசு வரவில்லை.

"தொலைஞ்சா அடுத்தது கிடையாதுன்னு நீங்க சொன்னீகளா. சைலண்ட்ல போட்டு இடுப்புல சொருகிக்கிட்டேன். அணைச்சே போட்டிருக்கணும், எனக்கு அம்புட்டு வெவரம் இல்ல. ஒரு மார்க் கணக்கெல்லாம் போட்டு முடிச்சிட்டேன்க்கா. அப்பத்தான் கத்துச்சு. இடுப்போட சேத்து அமுக்கினேன், நின்னுருச்சு. சாரு யாருன்னு கேட்டாரு. பக்கத்து ரூமுன்னு யாரோ சொன்னாக. அத்தோட விட்டுட்டாரு. தப்பிச்சோம்னு அடுத்த கணக்க எடுத்தேன். ரெண்டு நிமிசம்கூட இருக்காது, மறுபடியும் கத்துது. எங்க அமுக்குனாலும் நிக்கல. எல்லாரும் திரும்பிப் பாக்குறாக."

பேப்பரை வாங்கிவிட்டார்கள். எழுதி வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை எழுதியது செல்லாது, அடுத்து எழுத விடுவது மேலிடத்திலிருந்து கடிதம் வந்தால்தான் என்று சொன்னார்களாம். அதற்குள் சித்திரை வந்துவிடும்.

"சைலண்ட்ல இருக்கிற போனு எப்படிக்கா கத்தும்? கெட்டுப்போச்சா, நீங்க பாருங்களேன்."

போனை என் கையில் வைத்தாள். நான் செட்டிங்சைத் திறந்தேன். என் பெயரும் என் மெயிலும் அதில் பளிச்சென்று இருந்தன. எடுக்கலாமென்று பார்த்தால் அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள். வெறுமனே அணைத்து, மறுபடி போட்டு, "இப்பச் சரியாயிருச்சு" என்று கொடுத்தேன்.

"நல்லா இருப்பீகக்கா" என்றாள்.

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. சாய்ராமிடம் பாதியைச் சொன்னேன். "தெரியாம அமுக்குனதுதானே, அவகிட்டச் சொல்லிரு, புரிஞ்சுக்குவா" என்றார். இரண்டாவதை அவரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவள் லைப்ரரிக்குப் போகவில்லை. எதற்குப் போக? மாலைக்குப் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் சமையலறைக்குள் போய் நின்றேன்.

"ராமக்கா, போன் கெட்டுப்போகல. நான்தான் அடிக்க வச்சேன். அதுல என் கணக்கு இருக்கு. நீ எங்க இருக்கேன்னும் அதுல தெரியும், பத்து மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு என் போனைக் காணோம்னு தேடுனேன், தப்பா உன்னோடத அமுக்கிட்டேன். மன்னிச்சுக்க."

அவள் கரண்டியை வைத்தாள். கோபப்படவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போன மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவையுமாக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. எதற்கெல்லாமோ திறந்த வாய்.

அவள் குழம்பை இறக்கினாள், மேடையைத் துடைத்தாள், கையைக் கழுவினாள். இடுப்பிலிருந்து அந்தத் துணிப் பையை எடுத்து, சிம்மை மட்டும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "வாரேன்க்கா" என்றுதான் சொன்னாள். எல்லா நாளும் சொல்வது அதுதான். திரும்ப வரவில்லை.

சிம் இல்லாவிட்டாலும் அந்த போன் எங்கள் வீட்டு வைஃபையில் இருக்கிறது. சார்ஜ் தீர்ந்தால் நானே போடுகிறேன், ஏனென்று தெரியவில்லை. லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு புள்ளியும் ஆனையூரில், என் வீட்டிலேயே நிற்கின்றன.