பிரேக் மேடத்தின் முகவாய்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பிரேக் மேடம் என்று பெயர். பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பதினாறு வருடங்களாக அதை அவள் மிதித்த மிதியில் எத்தனையோ சுவர்கள் பிழைத்திருக்கின்றன. வயது நாற்பத்து மூன்று. கணவர் லிஃப்ட் மெக்கானிக், மகள் கல்லூரியில் படிக்கிறாள். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை, முகவாயைத் தவிர.

முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் பார்த்தால் கீழுதட்டுக்குக் கீழே முகம் சட்டென்று கழுத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். அவள் வேலையோ நாள் முழுக்க யாருக்காவது பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பது. லைசென்ஸ் கிடைத்த குஷியில் ஒரு மாணவி காருக்குள் அவளைப் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பினாள். அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த மாதம் புதிதாக ஒரு டாக்டர் கற்றுக்கொள்ள வந்தார். ஐம்பது வயது அம்மா. முகத்திலும் தாடையிலும் ஆபரேஷன் செய்வதுதான் அவருக்குத் தொழில். காரிலோ, லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

"எலும்பையே அறுக்கிறீங்க, இதுக்கு ஏன் டாக்டர் பயப்படுறீங்க?"

"எலும்பு எதிர்ல வேகமா வராதே மேடம்."

மூன்றாம் நாள் சிக்னலில் நிற்கும்போது கேட்டே விட்டாள். "என் முகவாய்க்கு ஏதாவது செய்ய முடியுமா டாக்டர்?"

டாக்டர் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து பார்த்தார். விளக்கு பச்சையானதுகூடத் தெரியவில்லை. பின்னால் ஹாரன்கள் அலறின. "ரெண்டு வழி இருக்கு..."

"முதல்ல ஃபர்ஸ்ட் கியர் போடுங்க. அப்புறம் வழி சொல்லுங்க."

மறுநாளே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பல்லுக்கு அச்சும் எடுத்தார்கள். அச்சைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் நிதானமாகச் சொன்னார். இங்கே அவருக்கு எந்தப் பயமும் இல்லை.

"கீழ்த்தாடைய வெட்டி, முன்னால நகர்த்தி, தகடு வெச்சு முடுக்கலாம். அதுக்கு முன்னால ஒரு வருஷத்துக்கு மேல பல்லுல கம்பி. ஆபரேஷனுக்கு அப்புறம் சில வாரம் குடிக்கிற சாப்பாடுதான். சிலருக்குக் கீழுதடு மரத்துப் போயி, அப்படியே நின்னுடுறதும் உண்டு. இல்லன்னா முகவாய் எலும்பு மேல ஒரு சிலிக்கோன் துண்டு வைக்கலாம். ஒரு மணி நேர வேலை. ஆனா அது வெளிப்பொருள். கிருமி பிடிச்சாலோ நகர்ந்தாலோ எடுத்துடணும்."

"எது நல்லது?"

"வாய மூடுனா உங்க கீழ்ப்பல் வரிசை கொஞ்சம் பின்னால நிக்குது. ஆனா மெல்ல, பேச, தூங்க ஒரு தொந்தரவும் இல்ல. அதனால கட்டாயம்னு எதுவுமே இல்ல. அழகுக்குத்தான். நீங்கதான் சொல்லணும்."

அழகுக்குத்தான். அந்தச் சொல்லை யாரோ சத்தமாகச் சொன்னதிலேயே அவளுக்குப் பாதி சந்தோஷம்.

ஒரு வாரம் வீடு இரண்டுபட்டது. "செய்யறதுன்னா முழுசா செஞ்சிடும்மா, தாடையையே நகர்த்திடலாம்" என்றாள் மகள். "இத்தன வருஷம் நான் பாத்த முகத்துக்கு இப்ப என்ன வந்துது?" என்றார் கணவர்.

"நீங்க எதிர்ல உக்காந்து பாத்தீங்க."

காலையில் தாடை என்பாள், சாயங்காலம் சிலிக்கோன் என்பாள். காகிதத்தை மடித்து முகவாயில் டேப் போட்டு ஒட்டி, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கணவர் உள்ளே வந்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வாயத் தொற. மூடு. கதவு சரியா மூடுதே. மூடுற கதவ எதுக்குக் கழட்டணும்?"

இருபது வருடமாக லிஃப்ட் கதவோடு மல்லுக்கட்டுகிறவர் சொன்னது அவளுக்குப் பளிச்சென்று பட்டது. அவள் கேட்டது ஒரு முகவாய், அவ்வளவுதான். பல் அது பாட்டுக்கு இருக்கட்டும். அப்போதே டாக்டருக்குப் போன் போட்டாள்.

சிலிக்கோனைப் பெரிய துண்டாக வைக்கச் சொல்லி அடம்பிடித்தாள். "நடுத்தரம் போதும், முகம் உங்களுதா இருக்கணும்" என்று டாக்டர் மறுத்துவிட்டார். ஆபரேஷனுக்குப் போகும்போது சுற்றுலாவுக்குக் கிளம்பும் பிள்ளை மாதிரி துள்ளிக்கொண்டு போனாள். வெளியே வந்ததும் முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. நாலு நாள் கண்ணாடியை முறைத்தாள். பத்தாம் நாள் வீக்கம் வடிந்து, பக்கவாட்டில் ஒரு கோடு வந்து நின்றது. உதடு, அதன் கீழே ஒரு சின்னக் குழி, அப்புறம் முகவாய். விரலால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழாக எத்தனை முறை தடவினாள் என்று கணக்கே இல்லை.

மறுமாதம் அக்கா வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஊர்வம்பு பேசினாள், தன் முட்டிவலியைச் சொன்னாள், முகவாயைப் பற்றி மூச்சே விடவில்லை. இவளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, என்னப் பாத்தா ஒண்ணுமே தோணலையா?"

"இளைச்சிட்டியா?"

இவள் விஷயத்தைச் சொன்னாள். அக்கா ஜன்னல் வெளிச்சத்துக்கு அவளை இழுத்துப்போய், இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடியும் திருப்பினாள். கடைசியில் தன் முகவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த டாக்டர் நம்பர் இருக்கா உங்கிட்ட?"