வேலைக்குப் போகாத பிள்ளைக்கு இடமில்லை

“எம்மக பட்டாசுக் கம்பெனிப் பக்கமே போனதில்ல சார். அதனால அவளச் சேத்துக்கிட மாட்டாகளாம்.”

தாயில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், முருகேஸ்வரி என்கிற பெண் போன மாதம் என்னிடம் இப்படிச் சொன்னார். என் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம்.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளை மீட்டுப் படிக்க வைக்க, அந்த ஊரில் ஒரு சிறப்புப் பள்ளி நடக்கிறது. இதுபோன்ற திட்டங்களை இன்னும் எப்படி நன்றாக நடத்தலாம் என்று யோசனை சொல்ல ஒரு குழு. பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று யாரோ நம்பி, என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள்.

முருகேஸ்வரியின் கணவர் வெடி விபத்தில் இறந்துபோனவர். இவருக்கும் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. சீசனில் கம்பெனி வேன் இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடும். மகள் பாண்டிச்செல்வி ஏழாம் வகுப்பு. அரசுப் பள்ளி நாலு மணிக்கு விட்டுவிடும். அதற்குப் பிறகு?

“பக்கத்து வீட்ல தீப்பெட்டி ஒட்டுதாக. ‘சும்மாதான இருக்க, வா’ன்னு இவளக் கூப்பிடுதாக. இன்னிக்குப் பெட்டி ஒட்டுவா, நாளைக்கு வேன்ல ஏறிருவா. அந்தச் சிறப்புப் பள்ளிக்கூடத்துல, நாங்க வேல முடிஞ்சு வார வரைக்கும் பிள்ளைகள வச்சுப் பாத்துக்கிடுதாக. அங்கன இருந்தா எனக்கு நிம்மதி.”

வேலைக்கு அனுப்பப்பட்ட எதிர்வீட்டுப் பையனுக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது. பிடிவாதமாகப் படிக்க வைத்தவரின் மகளுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

திட்ட அதிகாரியிடமே போய்க் கேட்டேன். நல்ல மனசுள்ள பெண்மணி.

“எல்லாரையும் சேத்துக்கிட்டா, வேலை பார்த்த பிள்ளைகளுக்கு இடம் இல்லாமப் போயிரும் சார். படிப்பையே விட்டுட்டு வந்த பிள்ளைக. அவங்களை எங்க அனுப்புறது?”

அதுவும் நியாயம்தானே? குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

நான் கிளம்ப எழுந்ததும் அவரே குரலைத் தாழ்த்தினார். “கொஞ்ச நாள் வேலைக்குப் போனதாச் சொல்லச் சொல்லுங்க. நான் சேத்துக்கிடுறேன்.”

விஷயம் முடிந்தது என்று முருகேஸ்வரியிடம் ஓடினேன். அவர் முகம் மலரவில்லை.

“எந்தக் கம்பெனின்னு கேப்பாகள்ல சார்? பேரைச் சொன்னா அவுக மேல கேஸாகும். அப்புறம் எனக்கு யாரு வேல தருவா? அதுவும் போக... இவ அப்பா செத்த அன்னிக்கு, இவள மட்டும் அனுப்ப மாட்டேன்னு சொன்னவ நான். அனுப்புனேன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது.”

பொய் சொல்வதற்குக்கூட ஒரு முதலாளி தேவைப்படுகிறார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் கேட்டேன். ஆபத்தில் இருக்கும் பிள்ளை யார் — விழுந்த பிள்ளையா, விழப்போகிற பிள்ளையா? ரெண்டும்தான் என்றார் ஒருவர். ரெண்டுக்கும் சேர்த்து இடம் ஏது என்றார் இன்னொருவர். டீ வந்தது. ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுந்துவிட்டோம்.

போன வாரம் சென்னையிலிருந்து அதிகாரிகள் அந்தப் பள்ளியைப் பார்வையிட வந்தார்கள். குழுவோடு நானும் போனேன். சாயங்கால நேரம். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், புத்தகப் பையோடு பாண்டிச்செல்வி.

“இங்கன ஏம்மா நிக்குற?”

“டீச்சர் தினமும் என்னயும் உள்ள உக்கார வச்சுக்கிடுவாக சார். அம்மா வார வரைக்கும். இன்னிக்குப் பெரிய ஆபீசரு வாராகன்னு, அவுக போற மட்டும் இங்கன நிக்கச் சொன்னாக.”

நாங்கள் ‘பரிசீலித்துக்கொண்டிருந்ததை’ ஒரு டீச்சர் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்...

இதை உள்ளே போய்ப் பெருமையாகச் சொல்வதா? சொன்னால் டீச்சருக்கு மெமோ வரும். சொல்லாவிட்டால்? விதி அப்படியே இருக்கும், இந்தப் பிள்ளை ஆபீசர் வரும்போதெல்லாம் மரத்தடியில் நிற்கும்.

எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றுகொண்டே இருந்தேன். பாண்டிச்செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஒங்களயும் உள்ள வரக்கூடாதுன்னுட்டாகளா சார்?”