செருப்பு ஷெட்டுக்கு ஆறு ஜன்னல்

செருப்புத் தொழிலில் வாடிக்கையாளர் நின்றுகொண்டு பேசுவார், நாம் குனிந்துகொண்டு பேச வேண்டும். அதனால்தானோ என்னவோ, என் குரல் மட்டும் எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். கையால் ஒரு பொருளைச் செய்து, அதை விற்று, விற்றதற்குத் திட்டும் வாங்குகிற என் இனமே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. புரிந்தாலும் பத்து ரூபாய் குறைத்துத்தான் கேட்பார்கள்.

எட்டணா

ராயபுரம் பிளாட்பாரத்தில் பதினோரு வருஷம் செருப்பு விற்றேன். பேரம் என்றால் ஸ்டெல்லா என்று பேர். நான் வாயைத் திறந்தாலே மொத்த வியாபாரி டீ சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார், எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று. வீட்டிலிருந்தபடி எனக்குச் செருப்பு ஒட்டித் தரும் பெண்களிடமும் அதே வாய்தான். கத்திவாக்கம் பிலோமினாவிடம் ஒரு முறை டஜனுக்கு எட்டணா குறைத்தேன். அவள் குறைந்ததை ஈடுகட்ட தினமும் இரண்டு டஜன் கூடுதலாக ஒட்டினாள். ஜன்னலே இல்லாத ஒற்றை அறை. மழைச் சாரலுக்குக் கதவையும் சாத்திக்கொண்டு, நெடி ஏறும் சொல்யூஷன் பசை டப்பாவைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு.

மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். அந்தப் பழத்தையும் பேரம் பேசித்தான் வாங்கினேன், பொய் சொல்வானேன். கட்டிலில் படுத்தபடி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எட்டணா கொறைச்ச, சரி. என் மூச்சையும் சேர்த்துக் கொறைச்சிட்டியேக்கா" என்றாள்.

காயாத பசை

அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை நாள் தூங்குவது? விம்கோ நகரில் ஒரு பழைய ஷெட்டை வாடகைக்குப் பிடித்தேன். சுவரை உடைத்து ஆறு ஜன்னல் வைத்தேன். "செருப்புக்கு எதுக்கும்மா காத்து?" என்று ஷெட்டுக்காரர் கத்தினார். நானும் கத்தினேன். என் குரல் ஜெயித்தது. பிலோமினாவோடு சேர்த்து எட்டுப் பெண்கள். மாதச் சம்பளம். வீட்டுக்கு வேலை எடுத்துப் போகக் கூடாது. சொல்யூஷனுக்குப் பதிலாக நெடியில்லாத, தண்ணீரில் கரைகிற பசை. "இந்த ஷெட்டை மூட மாட்டேன், உங்களை மறுபடி வீட்டுக்குள் அடைத்து ஒட்டவைக்க மாட்டேன்" என்று எட்டுப் பேர் முன்னால் வாக்குக் கொடுத்தேன். என் ஆயுசில் பேரம் பேசாமல் கொடுத்தது அது ஒன்றுதான்.

அரை மணியில் காய்ந்துவிடும் என்று பசைக்காரன் சொல்லியிருந்தான். எந்த ஊர் அரை மணியோ! எண்ணூர்ப் பக்கத்துக் கடல்காற்று ஆறு ஜன்னல் வழியாகவும் ஈரத்தை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே கூழ். முதல் ஜோடி வாங்கியவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தேசிங்கு. மூன்றாம் நாளே வார் காலில், அடி கையில் என்று வந்து நின்றார். "இன்னாக்கா, மேல்மாடி எனக்கு, கீழ்மாடி ரோட்டுக்கா?"

மூட்டை தூக்கும் கால்

பசையைத் தலைமுழுகிவிட்டு, அடியைச் சுற்றிலும் ஊசி போட்டுத் தைக்க ஆரம்பித்தோம். வேலை இரண்டு மடங்கு. அடி பிரியவில்லை, இப்போது வார் பிய்ந்தது. செருப்பை அளவெடுத்துத் தைக்க மரத்தில் செதுக்கிய கால் ஒன்று இருக்கும், அதற்குக் கட்டை என்று பேர். நான் ஏலத்தில் எடுத்த கட்டையெல்லாம் வெளிநாட்டுக் கால், ஒடுக்கமாக. நம் ஆட்களுக்கோ வெறுங்காலில் நடந்து நடந்து அகலமான பாதம். உள்ளூர்க் காலுக்கு உள்ளூர்க் கட்டை வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. சிமெண்ட் மூட்டைக் காகிதத்தோடு டீக்கடை வாசலில் உட்கார்ந்து, இருபது லோடுமேன்களை நிற்கவைத்து, ஒவ்வொரு காலையும் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். அந்த வழியாக ஸ்கூட்டரில் போன பாதிரியார் என்னைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

புதுக் கட்டை, புதுச் செருப்பு, அதே பழைய கதை. மறுபடி வார் பிய்ந்தது. "யோவ், செருப்பு போட்டுக்கினு நடக்கறியா, உழுவுறியா?" என்று தேசிங்கிடம் எகிறினேன். மனுஷன் பக்கத்து லாரியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு, என் காகிதத்தில் போட்ட கோட்டுக்குள் பாதத்தை வைத்தார். பாரம் இறங்கியதும் விரல்கள் விரிந்து, பாதம் கோட்டைத் தாண்டி அரை விரல்கடை வெளியே பரவியது. மூட்டைக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "சும்மா நிக்கற காலை அளந்துகினு போனியே, வேலை செய்யற காலை யாருக்கா அளப்பாங்க?"

ஒரே விலை

இருபது பேரையும் திரும்ப வரவழைத்து, தலையில் மூட்டையோடு நிற்கவைத்து அளந்தோம். அதன்பின் வந்தது செருப்பு! மழையிலும் உழைத்தது, உப்புத் தண்ணீரிலும் உழைத்தது. ஆனால் தையல் கூலி, மாதச் சம்பளம் எல்லாம் போட்டுப் பார்த்தால் நூற்று நாற்பது ரூபாய்க்குக் கீழே வராது. அஞ்சு ரூபாய் குறைத்தாலும் அது யார் சம்பளத்திலிருந்து போகும் என்று எனக்குத் தெரியும். "ஒரே விலை" என்று பலகை மாட்டினேன். நானா! ஊரே வந்து பலகையை வேடிக்கை பார்த்தது.

காசிமேட்டில் மீன் விற்கும் அஞ்சலை பழைய சிநேகிதி. நூறு என்றாள். இல்லை என்றேன். நூற்றுப் பத்து என்றாள். பலகையைக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. பேரம் பேசாமல் விற்றால் பொருளில் ஏதோ கோளாறு என்பது அவள் கணக்கு. மீனை அவள் பேரம் பேசித்தானே விற்பாள். முக்கால் மணி நேரம் செருப்பை முகர்ந்து, வளைத்து, தையலை நகத்தால் நோண்டி, கடைசியில் நூற்று நாற்பதையும் எடுத்து வைத்தாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கையை நீட்டினாள். "சரி, வெலைய கொறைக்காத. கொசுறா ஒரு ஒத்தச் செருப்பு குடு."

கடல் தாண்டி வந்தவர்

இப்படி ஒரு ஜோடிக்கு முக்கால் மணி நேரம் என்றால் எட்டுப் பேருக்கு எப்படிச் சம்பளம் போடுவது? அதற்குள் கண்டெய்னரில் வந்து இறங்கிய மலிவுச் செருப்பு, பிளாட்பாரத்தில் பாதி விலைக்குக் குவிந்தது. எங்கள் செருப்பு விற்காமல் ஷெட்டின் கூரை வரை அடுக்கி நின்றது. ஷெட் அடுத்த மாதம் தாண்டாது என்று எனக்குத் தெரியும். எட்டுப் பேர் முன்னால் கொடுத்த வாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த நேரத்தில்தான் சரக்கு ஏற்றிவிடும் கம்பெனியில் வேலை பார்க்கும் அந்தோணி ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தான். தான்சானியாக்காரர், பேர் ஜுமா. துணி வாங்க வந்தவர், தேசிங்கு காலில் செருப்பைப் பார்த்துவிட்டு விசாரித்தாராம். அவர் ஊர்ச் சந்தையில் வெளிநாட்டுக்காரர்கள் போட்டுக் கழற்றிய பழைய ஷூக்கள்தான் மூட்டை மூட்டையாக வருமாம். எதிலும் கால் கொள்ளாதாம். ஆயிரம் ஜோடி பற்றிப் பேசலாம் என்றார். ஆயிரம் ஜோடி! எட்டுப் பேருக்கும் மழைக்காலம் முழுக்க வேலை. விடுவேனா? ஆறு ஜன்னலையும் காட்டினேன். தையலைக் காட்டினேன். மூட்டையை அவர் தலையில் ஏற்றி அவர் காலையே அளந்தேன். "உள்ளூர்க் காலுக்கு உள்ளூர்க் கைதான் சரி, எங்கிருந்தோ வருவது எப்படிப் பொருந்தும்?" என்று இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அந்தோணி மொழிபெயர்க்க, ஜுமா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் போனதும் அந்தோணி தலையில் அடித்துக்கொண்டான். "ஸ்டெல்லாக்கா, செருப்பு விக்க சொன்னா, நீ இன்னா அவருக்கு தொழில் கத்துக்குடுத்துகினு கீற?"

ஜன்னல் பேரம்

மறுநாள் ஜுமா வந்தார். ஆயிரம் ஜோடி வேண்டாமாம். "நீங்க சொன்னது ரைட்டாம்கா. அவங்க ஊரு காலுக்கு அவங்க ஊரு கைதான் தைக்கணுமாம். அங்கியே ஷெட்டு போடறாராம்" என்று அந்தோணி மொழிபெயர்த்தான். என் வாயே எனக்கு எமனா! நான் கத்திய கத்தலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஜுமா பொறுமையாகக் காத்திருந்துவிட்டு மீதியைச் சொன்னார். தையலும் அளவும் சொல்லித் தர மூன்று மாதத்துக்கு ஒருவர் வேண்டும். அவர்கள் கை பழகும்வரை ஒரு வருஷத்துக்கு, வெட்டித் துளை போட்ட ரப்பர் அடி எங்களிடமே வாங்கிக்கொள்வார். வேகமாகக் கணக்குப் போட்டேன். கொழுக்க முடியாது. ஆனால் ஷெட்டை மூட வேண்டாம், எட்டுப் பேரும் இருப்பார்கள்.

சொல்லித் தரக்கூடியவள் ஒருத்திதான். பிலோமினா விம்கோ நகர் தாண்டிப் பஸ் ஏறியதில்லை. சம்பளம் எவ்வளவு, சாப்பாடு என்ன என்று கேட்பாள் என நினைத்தேன். ஊசியை நிறுத்தாமலே, "அந்த ஷெட்டுல ஜன்னல் கீதான்னு மொதல்ல கேளுக்கா" என்றாள். ஜுமா இரண்டு விரலைக் காட்டினார். அவ்வளவுதான், பதினோரு வருஷத்து வாய் விழித்துக்கொண்டது. நான் எட்டு என்றேன். அவர் மூன்று என்றார். பையை எடுத்துக்கொண்டு எழுந்து போகிற மாதிரி நடித்தேன், என் சொந்த ஷெட்டிலிருந்தே. அவர் நான்கு என்றார். சம்பளமும் போக வர விமான டிக்கெட்டும் எழுத்தில் வந்தன. அந்தோணி வியர்த்துப்போனான். கடைசியில் ஆறில் வந்து நின்றோம். பிலோமினா தலை நிமிர்ந்து முதல் முறையாகச் சிரித்தாள். "ஆறு சரி. கொசுறா ஒரு பின்கதவு கேளுக்கா."

ஆக, பக்கத்துத் தெருப் போட்டி போதாதென்று கடல் தாண்டியும் ஒரு போட்டிக் கடையைப் பாடம் சொல்லி, ஆள் அனுப்பி, ஆறு ஜன்னலும் பின்கதவும் பேசி வைத்துத் திறந்துகொடுத்த ஒரே வியாபாரி, எனக்குத் தெரிந்து, இந்த விம்கோ நகரில் நான் ஒருத்திதான்.