நானூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்

என் அத்தான் நூலகர். சின்ன நூலகங்களில் புத்தகம் கொடுத்து வாங்க ஒரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம் என்று பதினெட்டு வருடங்களுக்கு முன்பே இணையத்தில் விட்டவர். அதன் நிரல் முழுக்க வீட்டுச் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில், ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது; அதன் இணையதளமும் அதிலிருந்தே ஓடியது. அக்கா துணி துவைத்தால் மேசை ஆடும். எங்கெங்கோ இருப்பவர்கள் தளம் திறக்கவில்லை என்று புலம்பி எழுதுவார்கள்.

"என் கண்ணுல படாம ஒரு காற்புள்ளிகூட உள்ளே போகாது" என்று விருந்தாளிகளிடம் பீற்றிக்கொள்வார் அத்தான். அவர்கள் காபியைச் சீக்கிரம் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள்.

இந்த வருடம் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் உறுமத் தொடங்கியது. உலகமே நிரல் வைக்கும் பொதுத்தளம் ஒன்றுக்கு மாற, மூக்கால் அழுதுகொண்டே சம்மதித்தார். மாற்றும்போது, திருத்தியவர்களின் புனைபெயருக்கு நேரே உண்மையான பெயரும் மின்னஞ்சலும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் உழைப்பு பெயரில்லாமல் போய்ச் சேரும்.

முப்பது பேர் கிடைத்துவிட்டார்கள். 'பென்சில்' மட்டும் யாரென்று தெரியவில்லை. திருத்தங்களோ நானூற்றுப் பன்னிரண்டு! மற்றவர்கள் மின்னஞ்சலில் அனுப்பியதை மட்டுமே பார்த்துச் சேர்த்த அத்தான், உள்ளே போன திருத்தங்களின் பட்டியலை ஒருநாளும் புரட்டியதில்லை.

பென்சிலைத் தெரியுமா என்று முப்பது பேருக்கும் எழுதிக் கேட்டார். இரண்டு வாரம் போனது, யாருக்கும் தெரியவில்லை.

"டிஸ்க் போயிட்டா எல்லார் பேரும் போயிடும் அத்தான். பென்சிலை விடுங்க" என்றேன்.

"சும்மா செஞ்சு கொடுத்தவங்கப்பா. பேரில்லாம எப்படி அனுப்புறது?" என்றார். அவரைக் கிண்டல் செய்யவே பிறந்த நானும் அன்று பழைய மெயில்களில் பென்சிலைத் தேட உட்கார்ந்தேன்.

ஈரத்துணி வாளியோடு வந்த அக்கா, "என் மெயிலைப் போட்டுக்கோங்க" என்றாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"உன்னோடதா? எதுக்கு?"

"லீப் வருஷத்துலயும் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்னு எழுதியிருந்தீங்க. ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்து திருத்தினேன். அப்புறம் பழகிப்போச்சு."

"பாஸ்வேர்டு?"

"மானிட்டர்லதானே ஒட்டி வச்சிருக்கீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"உங்க கண்ணுலதான் எல்லாம் படுமே, இதுவும் படும்னு இருந்தேன்."

அத்தான் மெதுவாக அவள் பெயரைத் தட்டினார், இனிஷியலையும் விடவில்லை.

பொதுத்தளத்தில், இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் எதுவும் உள்ளே போகும் என்று வைத்தோம்; அந்த இன்னொருவர் அக்கா. அத்தான் கூடத்திலிருந்து அனுப்பிய முதல் திருத்தத்தை, உள்ளறையிலிருந்து அக்கா திருப்பியனுப்பினாள். மூன்று தப்பு.

போன வாரம் வந்த விருந்தாளியிடமும் அத்தான் தொடங்கிவிட்டார்.

"இவ கண்ணுல படாம ஒரு காற்புள்ளிகூட உள்ளே போகாது, தெரியுமா?"