பதினொன்றுக்கு ஒன்று

ஏற்கப்பட்ட அகதியின் மனைவிக்கு அவருடன் வந்து வாழும் உரிமை உண்டு என்றது டென்மார்க்கின் வெளிநாட்டவர் சட்டம். விரும்பினால் தரலாம் என்ற சொல் அதில் இல்லை. ஆனாலும் மட்டக்களப்பில் இருந்த அம்மாவின் விண்ணப்பம் ஒன்றரை வருடமாகக் கொப்பன்ஹேகனில் கிடந்தது. யாரும் மறுக்கவில்லை; மறுத்திருந்தால் முறையிட்டிருக்கலாம்.

என்னை அப்பா முன்பே டென்மார்க்கின் இக்காஸ்ட் நகருக்குக் கூட்டிவந்துவிட்டார். எனக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் ஜூரி பற்றிப் படித்தோம்: சாதாரண மனிதர் பன்னிரண்டு பேர், எட்டு வாக்கு இருந்தால் தீர்ப்பு. அம்மாவின் வழக்குக்கும் அப்படி இருப்பார்களா என்று கேட்டேன். கொலை போன்ற பெரிய குற்றங்களுக்குத்தான் என்றார் ஆசிரியை. யாரையும் கொல்லாத அம்மாவுக்கு அந்த வசதி கிடையாது என்று விளங்கிக்கொண்டேன்.

எங்கள் கட்டடத்தில் பன்னிரண்டு கதவுகள். எங்களுடையதை விட்டு மற்றதையெல்லாம் தட்டினேன். அம்மாவின் படத்தைக் காட்டி, இவர் வரலாமா என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினேன். மூன்றாம் மாடிக் கிழவர், "இத்தனை நாள் அங்கே என்ன செய்கிறார்?" என்று அம்மாவையே கடிந்துகொண்டு 'ஆம்' எழுதினார். பதினொரு ஆம்.

பன்னிரண்டாவதாக, எங்களுடன் இருந்த சித்தப்பாவைப் பிடித்தேன். உறவினர் ஜூரியில் இருக்கக்கூடாது என்பது அன்று தெரியாது. நிச்சயமான வாக்கு என்று நினைத்தேன். ஆலைக்குப் புறப்பட்டவர் சப்பாத்தின் நாடாவைக் கட்டிவிட்டு 'இல்லை' என்று எழுதினார்.

"அம்மா வாறது உங்களுக்கு விருப்பமில்லையோ?"

"மச்சாள் கட்டாயம் வரவேணும். அதுக்கு மேல்வீட்டுக்காரனிட்ட ஏன் பிள்ளை கேக்கிறாய்? இண்டைக்கு நல்ல ஆக்கள். நாளைக்கு எங்களைப் பிடிக்காத பன்னிரண்டு பேர் இருந்தா?"

"பஸ் போகுதடா, பிள்ளையோட வழக்காடாத," என்றார் அப்பா குசினி அடுப்பருகே இருந்து.

பதினொன்றுக்கு ஒன்று என்று கீழே எழுதி, அம்மாவின் விண்ணப்பம் கிடந்த கொப்பன்ஹேகன் அலுவலகத்துக்குத் தபாலில் போட்டேன். 

நான் வளர்ந்து, நீதிமன்ற அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்து, முதுகுவலியால் முன்கூட்டியே ஓய்வு வாங்கிய பின்னும் என் தீர்ப்பு மாறவில்லை. சிவில் வழக்குக்கும் ஜூரி வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்து 'இல்லை' எழுத அந்தக் கட்டடத்தில் ஒரு டேனியருக்கும் மனம் வரவில்லை. அம்மாவின் கோப்பை அலுமாரியில் வைத்தவர்கள் முகத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. சித்தப்பாவின் கேள்வியை மட்டும் இன்னும் தள்ளிவைக்க முடியவில்லை. சித்தியின் விண்ணப்பமும் அதே அலுமாரியில் கிடந்தது என்பதும், தன் மனைவிக்காகக்கூட அவர் ஒரு கதவையும் தட்டவில்லை என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஜூரி குற்ற வழக்குகளுக்கு மட்டுமே உரியது என்று அந்த அலுவலகம் அனுப்பிய ஒற்றை வரிப் பதிலை, அனுமதி கிடைத்து ஊரிலிருந்து வந்து ஒன்பதே நாளான அம்மா கதவடியிலிருந்து எடுத்து என்னிடம் தந்தது, பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை.